கோவா கேசினோவில் டீலர் வேலைக்குப் போகிறவர்களுக்கு

டேபிளில் ஆட்டத்தை நடத்தி, ஜெயித்தவருக்கு எண்ணிக் கொடுப்பதுதான் டீலர் வேலை. தமிழ்நாட்டில் இந்த வேலையே கிடையாது, சட்டப்படி நடப்பது கோவா, சிக்கிம் பக்கம்தான். மாண்டோவி ஆற்றில் நிற்கும் கேசினோ கப்பல்களுக்கு முயற்சி செய்கிறவர்களுக்கு முதலில் ஒன்று: சீட்டாட்டத்தில் புலியாக இருக்க வேண்டியதில்லை, வாய்ப்பாடு தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. அதிலும் 35, 17, 8.

ரூலெட்டில், அதாவது சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் விழும் என்று பந்தயம் வைக்கும் ஆட்டத்தில், ஒரே எண்ணின் மேல் வைத்தால் ஒன்றுக்கு 35, இரண்டு எண்களுக்கு நடுக்கோட்டில் என்றால் 17, நான்கு எண்கள் சேரும் மூலையில் 8. பந்து 20-இல் விழுகிறது, ஒருவர் அந்த எண்ணில் மூன்று சிப்ஸ் (காசுக்குப் பதிலாக வைக்கும் வில்லைகள்), கோட்டில் ஒன்று, மூலைகளில் இரண்டு வைத்திருக்கிறார். 105, 17, 16, ஆக மொத்தம் 138. இருபது இருபதாக ஆறு அடுக்கு, மேலே பதினெட்டு. இதைக் காகிதம் பேனா இல்லாமல், டேபிளைச் சுற்றிப் பத்துப் பேர் கத்திக்கொண்டிருக்கும்போது, இரவு மூன்று மணிக்குப் போட வேண்டும். 21 சேர்க்கும் சீட்டாட்டமான பிளாக்ஜாக் எளிது, முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்தால் இரண்டுக்கு மூன்று கணக்கு: 700 வைத்தவருக்கு 700-உடன் அதில் பாதி, 1050.

அப்புறம் கை. இருபது சிப்ஸை உள்ளங்கையில் பிடித்து ஆள்காட்டி விரலால் ஐந்தைந்தாக வெட்டி இறக்கப் பழகுங்கள். வீட்டில் சிப்ஸ் இல்லையென்றால் கேரம் காயை வைத்துத் தொடங்கலாம், அகலம் கொஞ்சம் சிறியது, தடிமன் அதிகம், ஆனாலும் ஐந்தைந்தாக வெட்டும் பழக்கம் வந்துவிடும். கண் எண்ணக் கூடாது, விரல் எண்ண வேண்டும்.

பணத்தை வாடிக்கையாளர் கையிலிருந்து வாங்காதீர்கள், அவர் டேபிளில் வைக்கட்டும், நீங்கள் நோட்டுகளை மேலே இருக்கும் கேமராவுக்குத் தெரியும்படி விரித்து எண்ணுங்கள். மூக்கு அரித்தால்கூட முதலில் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டிவிட்டுத்தான் சொறிய வேண்டும். டேபிளை விட்டுப் போகும்போதும் அதேதான். சந்தேகப்படுகிறார்கள் என்று மனசு கஷ்டப்படாதீர்கள், நாளைக்கு ஒரு சிப் குறைந்தால் அந்த வீடியோதான் உங்களைக் காப்பாற்றும். தப்பாகப் பணம் கொடுத்துவிட்டால் நீங்களே இழுத்துச் சரிசெய்யக் கூடாது, கையை நிறுத்திவிட்டு சூப்பர்வைசரைக் கூப்பிடுங்கள்.

தோற்றவர் திட்டுவார், அதுவும் சனிக்கிழமை ராத்திரி நிறையவே. பதில் பேசாதீர்கள், ஆறுதலும் சொல்லாதீர்கள், "அடுத்ததில் வரும் சார்" என்று சொல்லி அது வராமல் போனால் வம்பு நம் தலையில் விடியும். முகத்தில் ஒன்றும் காட்டாமல் அடுத்த சீட்டைப் போடுங்கள். எல்லை மீறினால் மட்டும் சூப்பர்வைசர்.

நின்றே செய்கிற வேலை என்பதால் ஷூவில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

நேர்காணலில் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள்: டிப்ஸ் தனித்தனியா, எல்லோருக்கும் பங்கா? பயிற்சி நாட்களுக்குச் சம்பளம் உண்டா? தங்க இடம் தருவார்களா? இத்தனை நாள் வேலையை விட மாட்டேன் என்று பாண்டு கையெழுத்து கேட்பார்களா? வேலைக்கு எடுத்து அவர்களே பயிற்சி தரும் இடங்களும் இருக்கின்றன, அங்கெல்லாம் விசாரிக்காமல் வெளியே எந்த அகாடமிக்கும் பணம் கட்டாதீர்கள்.