பாட்டியின் அட்டிகையை உருக்கும் முன்

பழைய கல் அட்டிகை கைக்கு வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, அதைக் கவிழ்த்துப் பார்ப்பது. பின்பக்கம் தங்கத் தகட்டால் மூடியிருந்தால், பெரும்பாலும் உள்ளே அரக்கு இருக்கும். கல்லுக்கு அடியில் மினுமினுப்பான மெல்லிய தகடு வைத்திருப்பார்கள். கல்லின் ஜொலிப்பில் பாதி அந்தத் தகட்டால் வருவது. “கெம்பு கறுத்துப்போச்சு” என்று ஒதுக்கி வைத்த நகைகள் பலவற்றில் கல்லுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. வியர்வையும் குளிக்கிற தண்ணீரும் ஓரமாக இறங்கித் தகட்டைத்தான் கெடுத்திருக்கும். கல்லைப் பெயர்த்துத் தகட்டை மாற்றித் திரும்பப் பதித்தால் நிறம் மீண்டுவிடும். இதற்குப் போய் நகையை உருக்குவது வீண்.

எதை உருக்கலாம்? அறுந்த மெல்லிய சங்கிலி, ஜோடி தொலைந்த சாதாரணத் தோடு, நசுங்கிய மெஷின் வளையல். இவற்றில் தங்கத்தின் விலை மட்டும்தான் மிச்சம். கையால் செதுக்கிய ஜிமிக்கி, கல் பதித்த அட்டிகை, பழைய வைரத்தோடு ஆகியவற்றை உருக்கினால் அதில் இருந்த வேலைப்பாடு திரும்ப வராது. அதே மாதிரி செய்யச் சொன்னால் செய்கூலியும் சேதாரமும் மலைக்க வைக்கும். முதலில் ரிப்பேர், முடியாவிட்டால் மாற்றியமைப்பு, கடைசியில்தான் உருக்கு.

பத்தரிடமோ கடையிலோ கொடுப்பதற்கு முன் வீட்டில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசில் ஒவ்வொரு உருப்படியையும் தனித்தனியாக நிறுத்து எழுதுங்கள். வெயில் நேரடியாகப் படாத வெளிச்சத்தில் முன்னும் பின்னும் படம் எடுங்கள். கற்களை நிறவாரியாக எண்ணிக் குறியுங்கள்: கெம்பு 36, பச்சை 9, வெள்ளை 14 என்கிற மாதிரி. கொடுக்கும்போது வாங்கும் ரசீதிலும் அதே எடையும் எண்ணிக்கையும் இருக்க வேண்டும். “கல் நகை 1” என்று மட்டும் எழுதிய ரசீதை வாங்காதீர்கள்.

பழைய சிவப்புக் கல் என்பதாலேயே அது இயற்கை மாணிக்கம் என்று நம்பவும் வேண்டாம். பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னோய் செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை 1902-லேயே அறிவித்துவிட்டார். நூறு வருட நகையிலும் அந்தக் கல் இருக்கலாம். 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் வளைந்த கோடுகள் தெரிந்தால் அது செயற்கை. தெரியாவிட்டால் உடனே இயற்கை என்று முடிவுகட்டாமல் ரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் காட்டுங்கள்.

இனி ரிப்பேர். தோட்டிலும் மூக்குத்தியிலும் முதலில் தேய்வது திருகின் மரைதான். திருகாணி கடைசி வரை இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால், அன்றைக்கே கழற்றி வையுங்கள். புதுத் திருகாணி மட்டும் வாங்கினால் போதாது, தண்டின் மரையும் தேய்ந்திருக்கும். தண்டை மாற்றி, அதற்கேற்ற திருகாணி போடச் சொல்லுங்கள்.

பற்றவைப்பில்தான் நகை அதிகம் கெடுகிறது. பொடி (இணைப்பில் வைத்து உருக்கும் உலோகக் கலவை) வைத்து ஊதும்போது சூடு நகை முழுக்கப் பரவும். உள்ளே அரக்கு இருந்தால் உருகி வழியும், கல் ஆட்டம் காணும். முத்தும் பவளமும் நெருப்பையும் தாங்காது, அழுக்கு எடுக்கப் போடும் அமிலத்தையும் தாங்காது. மரகதத்தில் இயல்பாகவே கீறல்கள் உண்டு, அவற்றில் ஊறிய எண்ணெய் சூட்டில் வெளியேறினால் கல் வெளுத்துத் தெரியும். அதனால் இந்தக் கற்களைக் கழற்றிவிட்டுப் பற்றவைக்க வேண்டும், இல்லையென்றால் லேசரில் பற்றவைக்கும் இடத்துக்குப் போக வேண்டும். லேசரில் சூடு ஒரு புள்ளியோடு நின்றுவிடும். காட்மியம் கலந்த பொடி வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். அதன் புகை பற்றவைப்பவரின் நுரையீரலுக்கு விஷம்.

உருக்கித்தான் ஆக வேண்டும் என்றால், கணக்கை நீங்களே போட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள். ஓர் அட்டிகை 32.40 கிராம் என்று வைப்போம். கல்லும் அரக்கும் எடுத்தபின் 23 கிராம். தரம் 85 சதவீதம் என்றால் சுத்தத் தங்கம் 19.55 கிராம். அதை 0.916-ஆல் வகுத்தால் 22 காரட் கணக்கில் சுமார் 21.34 கிராம், அதாவது இரண்டரைப் பவுனுக்குச் சற்று மேல். அதே நகையை 80 சதவீதம் என்று கணக்கிட்டால் 20.09 கிராம்தான். ஐந்து சதவீதப் புள்ளிகளில் ஒண்ணேகால் கிராம் போய்விடும்.

காரட் மீட்டர் பார்ப்பது மேல்பரப்பை மட்டும். பொடி வைத்த இடத்தில் வைத்தால் தரம் குறைத்துக் காட்டும், முலாம் பூசிய இடத்தில் கூட்டிக் காட்டும். உருக்குவதற்கு முன் மூன்று இடங்களில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் கணக்குக்கு எடுக்க வேண்டியது உருக்கிய கட்டியில் காட்டும் தரம். உருக்குவது உங்கள் கண்ணெதிரே நடக்கட்டும். கழற்றிய கற்களை, உடைந்தவை உட்பட, கேட்டு வாங்குங்கள். கல் எடையைக் கழித்தவர்கள் கல்லையும் வைத்துக்கொள்வதில் நியாயமே இல்லை. கல்லின் எடையைக் காரட்டில் சொன்னால் (இது தங்கத்தின் தரத்தைச் சொல்லும் காரட் அல்ல), 5 காரட் 1 கிராம்.

உருக்காமல் மாற்ற வழி நிறைய. அட்டிகையின் நடுப் பதக்கத்தைத் தனியே கழற்றி, மேலே ஒரு வளையம் வைத்தால் தினசரிச் சங்கிலிக்கு ஆகும். ஒற்றை ஜிமிக்கியும் அப்படியே. கனமான ஏழு கல் தோட்டைப் போட்டுக் காதுத் துளை நீண்டுவிட்டால், தோட்டைக் குறை சொல்வதற்கு முன் மாட்டல் போட்டுப் பாருங்கள். முத்துமாலையில் முடிச்சுகளுக்கு இடையே முத்து நகர ஆரம்பித்தால் நூல் நீண்டுவிட்டது என்று அர்த்தம். பட்டு நூலில், ஒவ்வொரு முத்துக்கும் இடையே முடிச்சிட்டுக் கோக்கச் சொல்லுங்கள். முடிச்சு இல்லாத மாலை அறுந்தால் முத்தெல்லாம் தரையில்தான்.

சுத்தம் செய்வதற்கு: கல்லில்லாத தங்கத்தை வெதுவெதுப்பான நீரில் சில சொட்டு பாத்திர சோப்புத் திரவம் விட்டுப் பத்து நிமிடம் ஊறவைத்து, குழந்தைகளுக்கான மிருதுவான பிரஷ்ஷால் தேயுங்கள். பூந்திக்கொட்டை ஊறிய நீரும் நல்லது. டூத்பேஸ்ட் கீறல் போடும். பிளீச்சிங் பட்டால் பற்றவைத்த இடங்களில் விரிசல் வரலாம். பின்பக்கம் மூடிய கல் நகையைத் தண்ணீரில் முக்கவே கூடாது, லேசாக ஈரமான துணியால் துடைத்து உடனே உலர்ந்த துணியால் ஒற்றுங்கள்.

நகை திரும்பி வந்ததும் கடையிலேயே மூன்று சோதனை. பழைய படத்தை வைத்துக் கற்களை எண்ணுங்கள். காதருகே வைத்து மெதுவாகக் குலுக்குங்கள், ஆடும் கல் டிக்டிக் என்று சொல்லிவிடும். பிறகு ஒரு துளி பஞ்சை நகை மேல் இழுங்கள். இழை மாட்டுகிற இடத்தில் கல்லைப் பிடிக்கும் விளிம்பு தூக்கிக்கொண்டிருக்கிறது. மீதிக் கூலியைக் கொடுக்கும் முன் அதை அமுக்கித் தரச் சொல்லுங்கள்.