டூடூயிஸ்ட்: லேபிள் எதற்கு, ஃபில்டர் எப்படி

செய்ய வேண்டிய வேலைகளைப் பட்டியலிடும் செயலியான டூடூயிஸ்ட்டில் லேபிள் போடத் தொடங்கும் பலர் ‘அலுவலகம்’, ‘வீடு’, ‘பணம்’ என்று வைக்கிறார்கள். அது புராஜெக்ட் செய்ய வேண்டிய வேலை. ஒரு வேலை எதைச் சேர்ந்தது என்று புராஜெக்ட் சொல்லும். அதை முடிக்க எது கையில் இருக்க வேண்டும் என்று லேபிள் சொல்ல வேண்டும். போன், கணினி, வெளியே போவது, இன்னொருவரின் பதில் என இப்படி ஐந்தாறு போதும். இருபதைத் தாண்டினால் எதைப் போடுவது என்று யோசித்தே அலுத்துவிடும்.

வேலையைத் தட்டும்போதே லேபிளையும் சேர்த்துவிடலாம்: ‘பிளம்பரிடம் பேசு டுமாரோ @போன் #வீடு’. இதில் @ லேபிளையும் # புராஜெக்டையும் குறிக்கும். (படிக்க வசதியாக இங்கே தமிழில் இருக்கிறது, செயலியில் இவற்றையும் கீழே வரும் வினவல்களையும் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.) லேபிள் பெயரில் இடைவெளி வேண்டாம், அடிக்கோடு போடுங்கள். வெளி_வங்கி, வெளி_கடை என்று ஒரே முன்சொல்லோடு வைத்தால், பிறகு @வெளி* என்று நட்சத்திரக் குறியோடு கேட்டு எல்லாவற்றையும் ஒன்றாக வரவழைக்கலாம்.

அடுத்தது ஃபில்டர், அதாவது நாம் கேட்கும் நிபந்தனைக்குப் பொருந்தும் வேலைகளை மட்டும் காட்டும் பட்டியல். பக்கப்பட்டியில் ‘ஃபில்டர்ஸ் அண்ட் லேபிள்ஸ்’ திறந்து, ஃபில்டர்ஸ் பக்கத்திலுள்ள கூட்டல் குறியைத் தட்டி, பெயரும் வினவலும் (அந்த நிபந்தனை வரி) கொடுங்கள். முதலில் இது:

(டுடே | ஓவர்டியூ) & !@காத்திருப்பு

நிமிர்ந்த கோடு ‘அல்லது’, & என்பது ‘மற்றும்’, ஆச்சரியக்குறி ‘தவிர’. இன்றைய வேலைகளும் தவறிப்போனவைகளும் வரும். அடுத்தவர் பதிலுக்காக நிற்பவை வராது. அடைப்புக்குறியை விட்டால் & முதலில் பிணையும். அப்போது காத்திருப்பு விலக்கு தவறிப்போனவற்றுக்கு மட்டுமே பொருந்தி, இன்றைய தேதியிட்டவை எல்லாம் உள்ளே வந்துவிடும். ‘ஃபில்டர் சரியாக வேலை செய்யவில்லை’ என்று யாராவது சொன்னால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

காத்திருப்பு லேபிள் உள்ள வேலைக்கும் தேதி கொடுங்கள். அது முடிக்கும் தேதி அல்ல, நினைவூட்டிக் கேட்க வேண்டிய தேதி. மேலே சொன்ன ஃபில்டரில் வராவிட்டாலும், அன்று செயலியின் ‘டுடே’ பக்கத்தில் அது வரும். தேதி இல்லையென்றால் அந்த வேலை அடியோடு மறந்துபோகும்.

இலவசக் கணக்கில் 3 ஃபில்டர்தான். அதனால் காற்புள்ளியைப் பயன்படுத்துங்கள்: ‘@போன், @கணினி, @வெளி*’ என்று எழுதினால் ஒரே ஃபில்டருக்குள் மூன்று தனித்தனிப் பட்டியல்கள் வரிசையாக வரும். காற்புள்ளிக்குப் பதில் நிமிர்ந்த கோடு போட்டால் மூன்றும் கலந்து ஒரே பட்டியலாகிவிடும்.

துணைவேலைகள் பலரைக் குழப்பும். தாய்வேலையின் லேபிள் துணைவேலைக்குத் தானாக இறங்காது. ‘திருமண மண்டபம் முடிவு செய்’ என்பதற்கு @வெளி போட்டுவிட்டு, அதன்கீழ் ‘மேலாளரிடம் வாடகை கேள்’ என்று எழுதினால், பின்னதற்கு @போன் என்று தனியாகப் போட வேண்டும். அப்படித்தான் இருக்கவும் வேண்டும், இரண்டும் வெவ்வேறு இடத்தில் நடப்பவை அல்லவா?

லேபிளை நம்பி வாழ்வதில் உள்ள உண்மையான ஆபத்து, லேபிள் போட மறந்த வேலை, லேபிளை வைத்து எடுக்கும் எந்தப் பட்டியலிலும் தலைகாட்டாது என்பதே. அதற்கென்றே ஒரு ஃபில்டரை ஒதுக்கி வாரம் ஒருமுறை திறங்கள்:

நோ லேபிள்ஸ், நோ டேட் & கிரியேட்டட் பிஃபோர்: -30 டேஸ்

முதல் பட்டியலில் லேபிள் இல்லாதவை, இரண்டாவதில் மாதத்துக்கு மேல் தேதியின்றிக் கிடப்பவை. முதலாவதற்கு லேபிள் போடுங்கள். இரண்டாவதில் பாதியைத் தயங்காமல் அழித்துவிடலாம்.