வெள்ளையா இருக்கறதெல்லாம் பூஞ்சை இல்லங்க: வீட்டுச் செடிக்கு நாம பண்ற தப்புகள்

என் பிகோனியா இலையில திட்டுத் திட்டா வெள்ளையா இருந்துச்சு, சாம்பல் நோய்ங்கற பூஞ்சைதான்னு நானே முடிவு பண்ணி மூணு வாரம் விடாம வேப்பெண்ணெய் அடிச்சேன், ஒண்ணும் போகல. கடைசில வினிகர் கலந்த தண்ணில துணிய நனைச்சு லேசா துடைச்சா பளிச்னு போயிடுச்சு, உப்புத்தண்ணி காஞ்ச கறை! முக்காவாசி தப்பு இங்கதான் ஆரம்பிக்குது, என்ன நோய்னே தெரியாம மருந்து பாட்டிலத் தூக்கிடறோம்.

முதல்ல விரலால தொட்டுப் பாருங்க. தேய்ச்சா மாவு மாதிரி ஒட்டிட்டு வந்து, சில நாள்ல அதே இடத்துல திரும்பப் படர்ந்தா அது சாம்பல் நோய். பஞ்சு மாதிரி இலை இடுக்குல ஒளிஞ்சிருந்தா மாவுப்பூச்சி, அதுக்குப் பூஞ்சை மருந்து அடிச்சு பிரயோஜனமே இல்ல. கரி பூசின மாதிரி கறுப்பா இருந்தா கரும்பூசணம், இது செடியத் தின்றதில்ல, மாவுப்பூச்சி, செதில்பூச்சி, அசுவினி இதுங்க விடற இனிப்புப் பிசின் மேல வளருது, அதனால பூச்சிய விட்டுட்டு கறுப்ப மட்டும் துடைச்சிட்டே இருந்தா ஆயுசுக்கும் துடைக்க வேண்டியதுதான். பழுப்புப் புள்ளி, சுத்தி மஞ்சள் வளையம், துடைச்சாலும் போகலைன்னா இலைப்புள்ளி நோயா இருக்கலாம், ஆனா புள்ளி தண்ணி ஊறின மாதிரி ஈரமா இருந்தா பாக்டீரியாவையும் சந்தேகப்படணும். அப்புறம் ஃபெர்ன் இலைக்கு அடியில வரிசையா பழுப்புப் பொட்டு வச்ச மாதிரி இருக்கே, அது நோயே இல்ல, அந்தச் செடியோட வித்துப்பை. அதப் பார்த்துப் பயந்து நல்ல இலைய வெட்டிப் போட்டவங்கள எனக்குத் தெரியும்.

ஆனா இலையில வர்றதெல்லாம் சும்மா, நிஜமா செடியக் கொல்றது வேர் அழுகல். இதுல எல்லாரும் பண்ற தப்பு ஒண்ணுதான்: செடி வாடியிருக்கு, தாகமா இருக்கும்னு இன்னும் தண்ணி ஊத்தறது. வேர் அழுகிட்டா அதால தண்ணிய உறிஞ்ச முடியாது, அதனாலதான் மண்ணு சொதசொதன்னு இருக்கும்போதே செடி தலைய தொங்கப்போடும். மண்ணு ஈரமா இருந்தும் வாடுதுன்னா ஊத்தறத நிறுத்திட்டு தொட்டியிலேர்ந்து உருவிப் பாருங்க. நல்ல வேர் பெரும்பாலும் வெள்ளையா கெட்டியா இருக்கும், அழுகினது பழுப்பா கொழகொழன்னு இருக்கும், இழுத்தா மேல்தோல் உரிஞ்சு உள்ள நூல் மட்டும் கையில நிக்கும். அழுகினதெல்லாம் வெட்டிட்டு புது மண்ணுல, மிச்ச வேருக்கு ஏத்த சின்னத் தொட்டியில வைங்க. பாவம்னு பெரிய தொட்டியில வைக்காதீங்க, வேர் எட்டாத மண்ணுல ஈரம் அப்படியே தங்கிடும். உடனே உரமும் வேண்டாம். தொட்டிக்கு அடியில ஜல்லி போட்டா தண்ணி நல்லா வடியும்னு சொல்றதும் நிஜமில்ல, ஈரம் ஜல்லிக்கு மேல இருக்கற மண்ணுல நிக்கும், அவ்ளோதான்.

இதுல இன்னொரு சிக்கல். வேர் அழுகலுக்குப் பெரிய காரணமான பித்தியம், ஃபைட்டோஃப்தோரா ரெண்டும் உண்மையில பூஞ்சையே இல்ல, பார்க்க பூஞ்சை மாதிரி இருக்கற வேற இனம். அதனால எல்லாத்துக்கும் ஒரே மருந்துன்னு கார்பெண்டாசிம்ங்கற பூஞ்சைக்கொல்லியக் கரைச்சு ஊத்தினா அதுங்களுக்கு உறைக்கவே உறைக்காது. வேரை அழுக வைக்கற ஃபியூசேரியம், ரைசாக்டோனியான்னா கதை வேற, அதுங்க நிஜப் பூஞ்சை. வேரைக் காக்க மண்ணுல டிரைக்கோடெர்மா போடறவங்க அதே வாரத்துல பூஞ்சைக்கொல்லியும் ஊத்தாதீங்க, அதுவே ஒரு பூஞ்சை, காவலுக்கு வச்ச ஆளயே அடிச்ச மாதிரி ஆயிடும்.

ஸ்ப்ரே விஷயத்துல அவசரம்தான் கெடுக்குது. வேப்பெண்ணெய்னா ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி, கூட கொஞ்சம் லிக்விட் சோப்பு, இல்லைன்னா எண்ணெய் கலக்காம மேல மிதக்கும். வெயில் படற நேரத்துல அடிச்சா இலை கருகும். எண்ணெய் அடிச்ச ரெண்டு வாரத்துக்குள்ள கந்தகம் அடிச்சாலும் கருகும். பேக்கிங் சோடா சாம்பல் நோய்க்கு ஓரளவு கேக்கும், லிட்டருக்கு ஒரு டீஸ்பூன், ஆனா அடிக்கடி அடிச்சா சோடியம் மண்ணுல சேரும். எதுவா இருந்தாலும் முதல்ல ஒரு இலையில அடிச்சு ஒரு நாள் விட்டுப் பாருங்க, இலைக்கு அடிப்பக்கத்தையும் மறக்காதீங்க. ஒரு தடவை அடிச்சதும் புள்ளி மறையலையேன்னு மருந்த மாத்திட்டே இருக்கறாங்க பாருங்க, அது வீண், ஏற்கனவே செத்த இடம் பச்சையாகவே ஆகாது, புதுசா வர்ற இலை சுத்தமா இருக்கான்னுதான் பார்க்கணும்.

தினமும் இலை மேல தண்ணி தெளிக்கறதையும் விட்டுடுங்க. இலைப்புள்ளி பூஞ்சையோட வித்து முளைக்க இலை மேல சில மணி நேரம் ஈரம் நின்னா போதும். ராத்திரி ஊத்தறத விட காலையில, அதுவும் மண்ணுல ஊத்தறது நல்லது. இதுல சாம்பல் நோய் மட்டும் விதிவிலக்கு, அதுக்கு இலை நனையவே வேண்டாம், காத்து ஓடாம புழுக்கமா இருந்தாலே வந்துடும், அதனால ஒட்டி ஒட்டி வச்ச தொட்டிகள கொஞ்சம் தள்ளி வைங்க.

மண்ணு மேல வெள்ளைப் பூசணம், மஞ்சள் காளான் இதெல்லாம் செடிய ஒண்ணும் பண்ணாது, மக்கற பொருளத் தின்னு வாழறதுங்க. ஆனா அந்தக் காளான குழந்தையோ பூனையோ வாயில வைக்காம பிடுங்கிடுங்க. செத்துப்போன செடியோட தொட்டிய அப்படியே திரும்ப யூஸ் பண்ணாதீங்க, நல்லா தேய்ச்சுக் கழுவிட்டு, 1 பங்கு ப்ளீச்சுக்கு 9 பங்கு தண்ணி கலந்து அரைமணி நேரம் ஊற வச்சு அலசணும், கத்தரிக்கோல ஒவ்வொரு செடிக்கும் நடுவுல ஆல்கஹால் தொட்டுத் துடைக்கணும், அந்தப் பழைய மண்ணு வேற தொட்டிக்குப் போகவே கூடாது.