பெரிய ஆர்.சி. (றிமோட்டில் பறக்கும்) விமானத்துக்கு இறக்கை பூட்டுவது எப்படி

"அண்ணன், இவ்வளவு பெரிய செட்டைக்கு இந்த ரெண்டு நைலோன் போல்ட்டும் காணுமா?"

கல்முனையிலிருந்து வந்த ஒரு தம்பி, பெற்றோல் எஞ்சின் போட்ட விமானம் ஒன்றை முதல் தடவையாகக் கிட்ட நின்று பார்த்தபோது கேட்டது இது. நல்ல கேள்வி. அதற்கு விடை விளங்கினால் இறக்கை பூட்டுகிற வேலையில் முக்கால்வாசி விளங்கிவிடும்.

இறக்கையைத் தாங்குவது குழாய். போல்ட்டுக்கு அந்த வேலையே இல்லை.

80 அங்குலம், அதாவது ஏறத்தாழ 2 மீற்றர் அகலத்துக்கு மேற்பட்ட ஒற்றை இறக்கை விமானங்களைத்தான் பெரியது என்று பொதுவாகக் கணக்கெடுப்பார்கள். அந்த அளவில் இறக்கை ஒரே துண்டாக இருந்தால் வான் வண்டியில்கூட ஏற்ற முடியாது. அதனால் இடது, வலது என்று இரண்டு பாதியாகச் செய்து, உடலைக் குறுக்கே ஊடுருவிப் போகும் ஒரு அலுமினியம் அல்லது காபன் குழாயில் இரண்டு பக்கமும் செருகுகிறோம். பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளையப் பார்க்கும். அதைக் குழாய் தாங்குகிறது. காற்று இறக்கையை முறுக்கப் பார்க்கும். உடலோடு ஒட்டும் அடிப்பலகையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஊசிகள் அதைத் தடுக்கின்றன. இறக்கை குழாயிலிருந்து வெளியே வழுகப் பார்க்கும். அந்த ஒன்றைத் தடுக்கத்தான் போல்ட்.

7 கிலோ விமானத்தை 60 பாகை சரித்து, உயரம் குறையாமல் திருப்பினால் இறக்கைகளில் 14 கிலோ பாரம் விழும். கீழே பாய்ந்து வந்து சட்டென்று மேலே இழுத்தால் 5 மடங்கு, 35 கிலோ. குழாய் சுமப்பது அதைத்தான்.

முதலில் குழாய்

குழாயைத் தரை ஓட்டின் மீதோ கண்ணாடி மேசையிலோ வைத்து உருட்டுங்கள். வளைந்திருந்தால் துள்ளித் துள்ளி உருளும். அப்படியானால் அதை எடுத்து வைத்துவிட்டு வேறொன்று வாங்க வேண்டும். நிமிர்த்திப் பாவிக்க வேண்டாம், ஒரு தடவை வளைந்த அலுமினியம் அதே இடத்தில் மறுபடி வளையும். காபன் குழாயென்றால் இரண்டு முனைகளையும் விரலால் தடவிப் பாருங்கள். நார் பிரிந்திருந்தால் தண்ணீர் போல ஓடும் சுப்பர் குளூவை ஊறவிட்டு, காய்ந்த பிறகு மெல்லிய உப்புத்தாளால் தேயுங்கள். நடுவில் வெடிப்பு இருந்தால் அதுவும் வேண்டாம்.

கல்லடி, பாசிக்குடா, பொத்துவில் என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. அலுமினியத்தை உப்புக்காற்று தின்னும். சில மாதம் சும்மா கிடந்த குழாயில் வெள்ளைத் தூள் பூத்திருக்கும். அதோடு செருகினால் உள்ளே இறுகிக்கொள்ளும், பிறகு கழற்ற இறக்கையையே உடைக்க வேண்டி வரும். துடைத்துவிட்டு மெழுகுதிரியால் இலேசாகப் பூசுங்கள். எண்ணெய், கிறீஸ் தொடவே வேண்டாம். அது மரத்துக்குள் ஊறி, பசை விட்ட மூட்டுகளைக் கெடுக்கும்.

குழாய் கை அழுத்தத்தில் உள்ளே போக வேண்டும், குலுக்கினால் ஆடக்கூடாது. இலேசான ஆட்டம் இருந்தால் குழாயில் இரண்டு இடத்தில் ஒட்டு நாடாவை ஒரு சுற்றுச் சுற்றுங்கள்.

ஊசிகள்

இவற்றில் பார்க்க அதிகமில்லை. ஊசி ஆடுகிறதா, உடலில் அதன் துளை முட்டை வடிவில் அகன்றுவிட்டதா என்று மட்டும் பாருங்கள். அகன்றிருந்தால் உடலின் உட்பக்கத்தில் 3 மில்லிமீற்றர் பிளைவுட் துண்டு ஒன்றை எப்பொக்சியால் ஒட்டி, ஊசியின் அளவுக்கே புதிதாகத் துளையுங்கள்.

நட்டு எந்தப் பக்கம்?

புதிதாகச் செய்பவர்கள் அதிகம் பிழைவிடும் இடம் இதுதான். போல்ட் உடலுக்குள்ளிருந்து வெளியே வந்து, இறக்கையின் அடிப்பலகையில் இருக்கும் முள்நட்டில் ஏறுகிறது. பல் பல்லாக முள் வைத்த இந்த நட்டை அடிப்பலகையின் வெளிமுகத்தில் அறைந்தால், போல்ட்டை இறுக்க இறுக்க அது மரத்தை விட்டுக் கழன்று வரும். உட்பக்கத்தில், இறக்கைக்குள் இருக்க வேண்டும். அப்போதுதான் போல்ட் இழுக்கும் ஒவ்வொரு இழுப்பும் முள்ளை மரத்துக்குள் இன்னும் ஆழமாகப் பதிக்கும்.

வெறும் பல்சா மரத்தில் முள் பிடிக்காது, பின்னால் பிளைவுட் வேண்டும். எப்பொக்சி போடுமுன் நட்டின் புரிக்குள் கொஞ்சம் வஸ்லீன் தடவிவிடுங்கள். பசை புரிக்குள் போய்க் காய்ந்தால் நட்டு வீண்.

போல்ட்

வெளிநாட்டுக் கிட்டில் வரும் போல்ட் சிலவேளை எம்6 ஆக இருக்கும், சிலவேளை கால் அங்குலமாக இருக்கும். இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும். ஒன்று 6 மில்லிமீற்றர், மற்றது 6.35. புரிக்குப் புரி இடைவெளி எம்6இல் 1 மில்லிமீற்றர், கால் அங்குலத்தில் 1.27. தொலைந்த போல்ட்டுக்குப் பதிலாக ஹாட்வெயார் கடையில் எம்6 வாங்கிக் கால் அங்குல நட்டில் போட்டால் அது ஏறும், ஏறி இறுகியது போலவும் இருக்கும். ஆனால் புரியின் நுனி மட்டும்தான் பிடித்திருக்கும். ஆகவே கடைக்குப் போகும்போது பழைய போல்ட்டையோ ஒரு நட்டையோ கையில் கொண்டுபோங்கள். விரலாலேயே கடைசிவரை சுழன்று போக வேண்டும். பாதியில் இறுகினாலும் லொடலொடவென்று ஆடினாலும் அது உங்களுடையது அல்ல.

விரலால் இறுக்குங்கள், அதன் மேல் கால் சுற்று. அவ்வளவு காணும். ஸ்பனர் போட்டு முறுக்கினால் நைலோன் இழுபட்டு, கழுத்தில் வெள்ளைக் கோடு விழும். அந்தக் கோடு விழுந்த போல்ட்டை அன்றைக்கே மாற்ற வேண்டும். வெயில்பட்ட நைலோன் மொறுமொறுத்துப் போவதால் நான் வருடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் மாற்றுகிறேன்.

பெற்றோல் எஞ்சினின் அதிர்வில் போல்ட் தானாகக் கழரும். உலோகத்தோடு உலோகம் சேரும் இடங்களில் போடும் புரிப்பசை நைலோனில் சரியாகப் பிடிக்காது. தலைக்குக் கீழே ஒரு றப்பர் வளையம் போடுங்கள். இறுக்கிய பிறகு தலைக்கும் பக்கத்து மரத்துக்கும் குறுக்கே கியூடெக்ஸால் ஒரு சின்னக் கோடு இழுத்துவிட்டால், போல்ட் இலேசாகத் திரும்பினாலும் கோடு பிரிந்து காட்டிக்கொடுக்கும்.

வட்டையில் (வயல்வெளியில்) பூட்டும் ஒழுங்கு

குழாயை உடலில் நுழையுங்கள். இடது இறக்கையைச் செருகி, நாலு விரல் இடைவெளி இருக்கும்போது நிறுத்துங்கள். இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகையான எய்லரோனை இயக்கும் சின்ன மோட்டாரின் (சேர்வோ) வயரைச் சொருகி, பிரியாதபடி கிளிப் போடுங்கள். கிளிப் இல்லையென்றால் நூலால் கட்டுங்கள். வயர் நசுங்காமல் உள்ளே தள்ளி, இறக்கையை உடலோடு முட்டவிட்டு, போல்ட்டை உடனே போட்டு இறுக்குங்கள். இடது பக்கம் முற்றாக முடியாமல் வலதைத் தொட வேண்டாம்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. படுவான்கரையில் வெள்ளாமை வெட்டி முடிந்த ஒரு வட்டையில், மார்ச் மாதம், நான் வலது இறக்கையைத் தள்ளி முட்டவிட்ட நேரம் தெரிந்த ஒருவர் வந்து கதை கொடுத்தார். கதைத்து முடித்துத் திரும்பிப் பார்த்தபோது விமானம் பூட்டி முடிந்ததுபோல இருந்தது. வலது போல்ட் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. குழாய் இறுக்கமாக இருந்ததால் நாலைந்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. மறுகா ஒரு உருளலில் இறக்கை வெளியே வழுகியது, வயர் பிடுங்கியது, 7 கிலோவும் தலைகீழாக வரப்பில் போய் விழுந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன் அந்த வரப்பில் மாடு மேய்க்கும் பொடியன் ஒருவன் குந்தியிருந்தான். அவன் எழும்பிப் போயிருந்தான். அந்த இடத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு பதறும்.

அன்றிலிருந்து, பூட்டும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் இரண்டு இறக்கையையும் கழற்றிவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறேன்.

எஞ்சினை இயக்குமுன்

இறக்கையின் அடியைப் பிடித்து வெளிப்பக்கமாக இழுங்கள், மயிரளவும் வரக்கூடாது. நுனியின் பின்விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் இலேசாக முறுக்குங்கள். உடலும் சேர்ந்து சரிய வேண்டும், இறக்கை மட்டும் திரும்பினால் ஊசியில் பிழை.

பிறகு இரண்டு பேர் ஆளுக்கொரு நுனியைப் பிடித்து விமானத்தை மெதுவாகத் தூக்குங்கள். பறக்கும்போது பாரம் இறக்கை முழுவதும் பரவியிருக்கும், இங்கே நுனியில் மட்டும் பிடிப்பதால் குழாய்க்கு வரும் வளைவு ஏறத்தாழ இரண்டு மடங்கு. 60 பாகைத் திருப்பத்தை நிலத்திலேயே பார்ப்பதுபோல. 'டிக்' என்று சத்தம் கேட்டால் அன்றைக்குப் பறப்பு இல்லை. கடைசியாக றிமோட்டை இயக்கி எய்லரோன் இரண்டும் சரியான பக்கம் அசைகின்றனவா என்று பாருங்கள்.

ஜூன், ஜூலையில் கச்சான் காற்று தொடங்கினால் பகலில் பெரிய விமானத்தை எடுக்காமல் விடிய வேளைக்கே முடித்துக்கொள்ளுங்கள். சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் விதிகளைப் பார்த்துத் தேவையான அனுமதியை முன்கூட்டியே எடுங்கள். மட்டக்களப்பு விமான நிலையத்துக்கும் உகணை விமானப்படைத் தளத்துக்கும் பக்கத்தில் எடுக்கவே வேண்டாம்.

ஒவ்வொரு பறப்புக்கும் பிறகு கியூடெக்ஸ் கோட்டைப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் குழாயைத் துடைத்து, போல்ட் இரண்டையும் ஒரு சின்னப் போத்தலில் போட்டு, மூடிபோட்டு உடலுக்குள்ளேயே கட்டி வையுங்கள். அடுத்த முறை பூட்டி முடித்ததும் அந்தப் போத்தலைக் குலுக்குங்கள், சத்தம் வரக்கூடாது.