மாத்திரைக்கு முழங்கால் தெரியாது: வலி நிவாரணியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மும்பை தாராவியின் 90 அடி சாலையில் ஒரு மருந்துக் கடை. விடியற்காலையில் இட்லி அவித்து விற்பனைக்கு அனுப்பிவிட்டு வந்த ஓர் அம்மாள், “முட்டி வலிக்குப் பவரா ரெண்டு குடு தம்பி” என்று கேட்க, கடைக்காரர் அட்டையிலிருந்து இரண்டு மாத்திரைகளைக் கத்தரித்துக் கொடுத்தார். காலாவதித் தேதியும் மருந்துப் பெயரின் பெரும்பகுதியும் கடையிலேயே தங்கிவிட்டன.

‘முட்டி வலி மாத்திரை’ என்ற பெயரிலேயே முதல் தவறு தொடங்குகிறது. விழுங்கிய மாத்திரைக்கு முழங்கால் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அது குடலில் உறிஞ்சப்பட்டு, இரத்தத்தோடு உடல் முழுவதும் செல்கிறது. அடிபட்ட, வீங்கிய இடங்களில் உருவாகும் புராஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள், அங்குள்ள நரம்பு நுனிகளைச் சிறிய உறுத்தலுக்கும் வலி உணரச் செய்கிறது. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென், ஆஸ்பிரின் முதலியவை அதை உருவாக்கும் காக்ஸ் நொதியை முடக்குகின்றன. ஆஸ்பிரின் இவ்வாறு வேலை செய்வதை 1971-இல் காட்டிய பிரிட்டன் மருந்தியலாளர் ஜான் வேன், 1982-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஆனால் இரைப்பையின் உட்சுவரை அமிலம் அரிக்காமல் காப்பதும், உடலில் நீர் வற்றும்போது சிறுநீரகத்துக்கு இரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் அதே புராஸ்டாகிளாண்டின்கள்தாம். ஆகவே, ஊசியாகப் போட்டுக்கொண்டால் வயிற்றுக்குக் கெடுதல் இல்லை என்பது வெறும் நம்பிக்கை. மருந்து இரத்தத்தின் வழியாகவும் இரைப்பையைத் தொடும். கூடவே ‘கேஸ் மாத்திரை’ போட்டுக்கொள்வது இரைப்பைக்கு ஓரளவு அரணாகுமே தவிர, சிறுநீரகத்துக்கு அதனால் பயனில்லை. இட்லிக் கொப்பரையின் ஆவியில் மணிக்கணக்காக வியர்த்து, தண்ணீரும் சரியாகக் குடிக்காமல், இரத்த அழுத்த மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும் உட்கொள்பவர், அவற்றோடு இந்த வலி மாத்திரையையும் நாள்தோறும் சேர்ப்பது சிறுநீரகத்தையே பணயம் வைப்பதாகும்.

பாராசிட்டமால் வேறு வகை. அது பெரும்பாலும் மூளையிலும் தண்டுவடத்திலும் செயல்படுவதால் இரைப்பையை அவ்வளவாகப் புண்படுத்துவதில்லை. அந்தச் சாதுத்தனமே அதைப் பற்றிய அலட்சியத்துக்கும் காரணம். காய்ச்சலுக்கு 650 மி.கி. மூன்று வேளை, சளி மாத்திரையில் கலந்திருக்கும் 500 மி.கி. மூன்று வேளை, மூட்டு வலிக்கான கூட்டு மாத்திரையில் இருக்கும் 325 மி.கி. இரண்டு வேளை என்று கூட்டிப் பாருங்கள்: 4,100 மி.கி. வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைய உச்ச வரம்பே 4,000 மி.கி.; மது அருந்துவோருக்கும் உடல் மெலிந்தோருக்கும் அதனினும் குறைவு. அளவு மீறும்போது, பாராசிட்டமால் சிதைவதில் உண்டாகும் நச்சுப்பொருளை முறிக்கும் குளூட்டாதயோன் கல்லீரலில் தீர்ந்துபோய், அந்த நச்சு கல்லீரலையே தாக்குகிறது. மூன்று அட்டைகளில் மூன்று பெயர்கள் இருந்ததால் இது கண்ணில் படுவதேயில்லை.

மழைக்காலத்தில் இன்னொரு தவறு சேர்ந்துகொள்கிறது. உடம்பை முறித்துப்போடும் காய்ச்சல் டெங்குவாக இருக்கக்கூடும் என்ற நிலையில், டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென், ஆஸ்பிரின் ஆகியவற்றைத் தொடவே கூடாது. இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்கள் ஏற்கெனவே குறையும் நோயில், இருப்பவற்றையும் அவை செயல்படவிடாமல் தடுத்து, இரத்தக்கசிவுக்கு வழி திறக்கும். அதிலும் ஆஸ்பிரின் முடக்கிய தட்டணு தன் ஆயுள் முடியும்வரை, அதாவது ஏறத்தாழ 10 நாள்வரை, மீள்வதில்லை.

தலைவலிக்கு மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ மாத்திரை போட்டு, அது மூன்று மாதத்தையும் தாண்டினால், மாத்திரையே தலைவலியை வளர்க்கத் தொடங்கலாம் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

இவற்றில் எதைத் தவிர்ப்பதற்கும், விழுங்குவது எது என்று முதலில் தெரிய வேண்டும். இரண்டே மாத்திரை வாங்கினாலும், பெயர் அச்சிட்ட பகுதியோடு வெட்டித் தரும்படியோ சீட்டில் எழுதித் தரும்படியோ கேட்கலாம். அந்த அம்மாளின் கையிலிருந்த துண்டில் ‘ஃபெனாக்’ என்ற வால் மட்டும் மிஞ்சியிருந்தது. அதை வைத்து டைக்ளோஃபெனாக்கா, அசிக்ளோஃபெனாக்கா என்று சொல்ல இயலாது.