பழைய மானிட்டரில் தங்கிவிட்ட நிழலும் அதைப் போக்க முயலும்போது நேரும் தவறுகளும்

பல ஆண்டுகள் உழைத்த மானிட்டரில் டாஸ்க்பாரின் கோடோ, என்றோ மூடிய சாளரத்தின் விளிம்போ மங்கலாகத் தெரியும்போது, பெரும்பாலோர் உடனே அதை அழித்துத் தரும் மென்பொருளைத் தேடத் தொடங்குகிறார்கள். திரை எந்த வகையைச் சேர்ந்தது என்று பார்க்காமல் பரிகாரம் தேடுவதுதான் இந்த விஷயத்தில் ஆகப் பெரிய தவறு. பருத்த கண்ணாடிக் குழாயால் ஆன பழைய சிஆர்டி திரையில் தெரியும் நிழலும், திரவப் படிகத்தால் இயங்கும் தட்டையான எல்சிடி திரையில் தெரியும் நிழலும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும் அவற்றின் காரணங்கள் வேறு.

சிஆர்டியில் கண்ணாடியின் உட்புறம் பூசப்பட்ட பாஸ்பர்தான் ஒளிர்கிறது. எலக்ட்ரான் கற்றை ஓயாமல் தாக்கிய இடத்தில் அதன் ஒளிரும் திறன் தேய்ந்துபோகிறது. தேய்ந்தது மீளாது. பச்சை அல்லது அம்பர் நிற ஒற்றை வண்ணத் திரைகள் சிலவற்றில், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் பழைய மெனு எழுத்துகளைப் படிக்க முடியும். எல்சிடியிலோ பிக்சல் எனப்படும் திரைப்புள்ளி தானாக ஒளிர்வதில்லை. ஒரே படம் நெடுநேரம் நின்றால், திரவப் படிக அடுக்கில் உள்ள அயனி மாசுகள் ஒதுங்கித் தேங்கி, படிகங்கள் முழுமையாகத் திரும்ப விடாமல் தடுக்கின்றன. இது பெரும்பாலும் தற்காலிகமானது. மானிட்டரைச் சில மணி நேரம் அணைத்து வைத்தாலோ, முழு வெள்ளைத் திரையையோ மாறிக்கொண்டே இருக்கும் படங்களையோ ஓடவிட்டாலோ மறையக்கூடும்.

இந்த வெள்ளைத் திரை வைத்தியத்தை சிஆர்டியில் செய்பவர்கள், நல்ல நிலையில் உள்ள பாஸ்பரையும் சேர்த்துத் தேய்க்கிறார்கள். நிழல் சற்றுக் குறைந்ததுபோலத் தோன்றினால், அதற்குக் காரணம் திரை முழுவதும் மங்கியதே. டீகாஸ் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துவதும் வீண். அது காந்தத்தால் வந்த நிறத்திட்டுகளைப் போக்குமே தவிர, தேய்மானத்தைத் தொடாது. நிறங்களை வேகமாக மின்னவிடும் நிரல்கள், ஒரே நிறத்தில் சிக்கிக்கொண்ட தனிப் பிக்சல்களுக்காக எழுதப்பட்டவை. அவற்றை நிழலுக்குப் பயன்படுத்துவதில் பொருளில்லை; ஒளிச்சிமிட்டலால் வலிப்பு வரக்கூடியவர்களுக்கு அவை ஆபத்தும்கூட.

நிழல் மானிட்டரில்தான் இருக்கிறதா என்பதை உறுதிசெய்யாமல் விடுவதும் உண்டு. ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறொரு திரையில் பார்த்தால் போதும்: அதிலும் நிழல் தெரிந்தால் கோளாறு கணினியின் பக்கம் இருக்கிறது.

எல்சிடி திரையை விரலால் அழுத்தித் தேய்ப்பதும், சூடான காற்றைக் காட்டுவதும் புதிய கறைகளையே உண்டாக்கும். சிஆர்டியின் பெட்டியைத் திறப்பது அதைவிட மோசம். வண்ணத் திரைக்குழாயின் உயர் மின்னழுத்தம் 20,000 வோல்ட்டைத் தாண்டுவது வழக்கம், பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அந்த மின்னூட்டம் குழாயில் தங்கியிருக்கலாம்.

இனி ஸ்கிரீன் சேவர். ஜான் சோச்சா எழுதி 1983 டிசம்பரில் ஒரு கணினி இதழில் வெளியான ஸ்கிரீன் சேவர் நிரல், சில நிமிடங்கள் விசைப்பலகை சும்மா இருந்தால் திரையைக் கறுப்பாக்கியது, வேறெதுவும் செய்யவில்லை. பின்னாளில் வந்த அலங்காரங்களைவிட அதுவே சரியான யோசனை என்பது என் கருத்து. நீந்தும் மீன்கள் போன்ற அலங்காரங்கள் படத்தை நகர்த்துகின்றன என்பது உண்மைதான். ஆனால் அந்த நேரம் முழுவதும் எல்சிடியின் பின்விளக்கு எரிந்து தேய்கிறது. ஐந்து அல்லது பத்து நிமிடங்களில் திரை தானாக அணையும்படி அமைப்பதே மேல். மின்சேமிப்புச் சைகையைப் புரிந்துகொள்ளாத மிகப் பழைய சிஆர்டிகளுக்கு வெறும் கறுப்புத் திரை போதும். டாஸ்க்பாரைத் தானாக மறையச் செய்து, பிரகாசத்தையும் முழு அளவிலிருந்து இறக்கினால், தேய்மானம் கணிசமாகக் குறையும்.

பழைய மானிட்டரை விலைக்கு வாங்குபவர்கள் வண்ணமயமான படத்தைக் காட்டச் சொல்லி ஏமாறுகிறார்கள். அத்தகைய படத்தில் நிழல் ஒளிந்துகொள்ளும். சிறிது நேரம் ஓடிச் சூடேறிய திரையில், முழுவதும் சீரான நடுத்தரச் சாம்பல் நிறத்தை நிரப்பி, குறிப்பாகக் கீழ் விளிம்பை உற்றுப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.