ஏலகிரிக்குக் கீழேயே காரை விட்டுவிட்டு பஸ் ஏறலாம்: சின்ன பார்க்கிங் திட்டமிடும் முறை

காணும் பொங்கலன்று அடிவாரத்துப் பொன்னேரியிலிருந்து ஏலகிரி ஏறியவர்களுக்கு அந்த 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் நிற்கும் கார் வரிசை மறக்காது. மேலே அத்தனாவூரில் இன்னொரு பார்க்கிங் கட்டினால் இன்னும் நாலு கார் கூடுதலாக ஏறும், அவ்வளவுதான். காரை அடிவாரத்தில் விட்டு மினிபஸ்ஸில் ஏறச் செய்வதே மலைக்கு நல்லது. கிராம சபையில் இதை எடுத்துப் பேச நினைப்பவர்களுக்காக, ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

1. வண்டிகளை எண்ணுங்கள். இரண்டு ஞாயிறு, ஒரு வேலைநாள். காலை 8 முதல் 12 மணி வரை ஏறுகிற கார், வேன், பைக்கைத் தனித்தனியாகக் குறியுங்கள். மலையில் குடியிருப்பவர்களின் வண்டியையும் காய்கறி வண்டியையும் சேர்க்க வேண்டாம். அவர்களை மறிக்கிற திட்டமாக இது மாறவே கூடாது. பண்டிகைக் கூட்டத்துக்கு அளவெடுக்காமல் சாதாரண ஞாயிற்றுக்கு எடுங்கள்.

2. நிலம் பாருங்கள். சர்வே எண்ணை வைத்து ‘அ’ பதிவேட்டையும் (நிலம் என்ன வகை, யாருடையது என்று சொல்லும் வருவாய்த் துறைப் பதிவு) புலப்படத்தையும் (நிலத்தின் எல்லை வரைபடம்) பாருங்கள். காப்புக்காடு, ஏரி, ஓடைப் புறம்போக்கு என்றிருந்தால் அந்த இடத்தை அப்போதே விட்டுவிடுங்கள். மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் பட்டியலில் அந்தக் கிராமம் வருகிறதா என்றும் கேளுங்கள். ஜோலார்பேட்டை ஜங்ஷனிலிருந்து வரும் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் கிடைத்தால் ரொம்ப நல்லது. ரயிலில் வருபவர்களும் அதே மினிபஸ்ஸில் ஏறிக்கொள்வார்கள்.

3. அளவு. ஒரு கார் நிற்க 2.5 மீட்டருக்கு 5 மீட்டர் வேண்டும். உள்ளே போய்வரும் பாதையும் சேர்த்தால் சுமார் 25 சதுர மீட்டர். 40 கார் என்றால் 1,000 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 25 சென்ட். பஸ் திரும்பவும் நிழல் மரத்துக்கும் கழிப்பறைக்கும் தனியாக இடம் ஒதுக்குங்கள்.

4. பஸ். திட்டம் நிற்பதும் விழுவதும் இங்கேதான். குழந்தைகளோடு வருகிறவர் வெயிலில் முக்கால் மணி நேரம் காத்திருக்க மாட்டார். அடுத்த ஞாயிறு காரிலேயே ஏறிவிடுவார். 20 நிமிடத்துக்கு ஒரு பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறி, ஆள் இறக்கி, திரும்ப ஒன்றரை மணி நேரம் ஆகிறதென்றால், 90ஐ 20ஆல் வகுத்தால் நாலரை. ஆக ஐந்து பஸ் வேண்டும். 25 இருக்கை வண்டி மணிக்கு மூன்று போனால் 75 பேர். 40 காரில் வரும் 140 பேரை ஏற்ற இரண்டு மணி நேரம் போதும். திரும்பும் நேரம் இன்னும் முக்கியம்: மாலையில் எல்லாரும் ஒரே சமயத்தில் இறங்குவார்கள், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று எல்லா நிறுத்தத்திலும் பெரிதாக எழுதி வையுங்கள். பார்க்கிங்குக்கும் பஸ்ஸுக்கும் ஒரே டிக்கெட்டாக இருக்கட்டும்.

5. தரை. தார் போடாதீர்கள். கிராவல் அல்லது புல் முளைக்கும் ஓட்டைக் கல் போதும், மழைநீர் மண்ணில் இறங்கும். தாழ்வான பக்கம் ஒரு வாய்க்கால் வெட்டிப் புல் வளர்த்தால், வண்டியிலிருந்து சொட்டும் எண்ணெய் ஓடைக்குப் போவது குறையும். நம் பக்கத்து வெயிலுக்கு வேம்பும் புங்கமும் கட்டாயம். இருக்கிற மரத்தை வெட்டாமல் அதைச் சுற்றிக் கோடு போடுங்கள்.

கடலோரத்தில் செய்பவர்களுக்கும் இதே வரிசைதான், இரண்டாவது படி மட்டும் மாறும். உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் ஏறும்போது நீர் எட்டும் எல்லை) பொதுவாக 500 மீட்டர் வரை, கட்டுமானத்துக்குக் கட்டுப்பாடு உள்ள கடலோர ஒழுங்குமுறை மண்டலம். மணல்மேடு, அலையாத்திக் காடு, ஆமை முட்டையிடும் இடம் ஆகியவை அதில் மிகக் கடுமையான பிரிவில் வருகின்றன. அதனால் பார்க்கிங்கை ஊருக்குள்ளே, மெயின் ரோட்டோரம் தள்ளிவிடுங்கள். விளக்கு கடல் பக்கம் தெரியவே கூடாது; வெளிச்சத்தைப் பார்த்து ஆமைக் குஞ்சுகள் கரைப் பக்கம் திரும்பிவிடும்.

6. சோதனை. ஒரு தோப்பையோ அறுவடை முடிந்த வயலையோ நாலு ஞாயிறு வாடகைக்கு எடுங்கள். சுண்ணாம்புக் கோடு, கயிறு, அனுமதி பெற்ற மினிபஸ் போதும். எத்தனை கார் நின்றது, பஸ்ஸுக்கு எத்தனை நிமிடம் காத்திருந்தார்கள், எத்தனை பேர் பார்த்துவிட்டு நிற்காமல் மேலே போனார்கள் என்ற மூன்றையும் குறித்துக்கொண்டு, அப்புறம் கிராம சபைக்குப் போங்கள்.